மூன்று லிட்டர் சிரிஞ்சும் சுரங்கத் தொழிலாளியின் மூச்சும்

நிலக்கரித் தூசு நெஞ்சில் படிந்து வரும் நோயை அமெரிக்கச் சுரங்கக்காரர்கள் ‘கருப்பு நுரையீரல்’ என்பார்கள். 1968 நவம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டன் சுரங்கம் வெடித்து 78 பேர் மாண்டார்கள். அடுத்த பிப்ரவரியில் அம்மாநிலத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் இந்த நோய்க்கு இழப்பீடு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த ஆண்டே பிறந்த மத்தியச் சட்டம் அவர்களுக்கு மார்பு எக்ஸ்ரேயைக் கொடுத்தது. மூச்சை அளக்கும் சோதனை அச்சட்டத்தின் உடல்நலக் கண்காணிப்புத் திட்டத்தில் சேர 2014 ஆகிவிட்டது. திறந்தவெளிச் சுரங்கத் தொழிலாளரும் அப்போதுதான் திட்டத்துக்குள் வந்தார்கள்.

இதற்கிடையே நோய் ஓய்ந்துவிடவில்லை. நடு அப்பலாச்சியாவில் 25 ஆண்டுகளும் அதற்கு மேலும் உழைத்தவர்களில் ஐவரில் ஒருவருக்குக் கருப்பு நுரையீரல் இருப்பதை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது.

எக்ஸ்ரேயில் தழும்பு தெரியும். மூச்சு எவ்வளவு குறைந்தது என்பது தெரியாது. அதற்கு ஸ்பைரோமீட்டர் வேண்டும். நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே வீச்சில், காலியாகும் வரை ஊத வேண்டும். முதல் நொடியில் வந்த காற்று, மொத்தமாக வந்த காற்று என்ற இரண்டு அளவுகளும்தான் அடிப்படை.

அந்தக் கருவி சரியாக அளக்கிறதா என்று பார்ப்பது எப்படி? மூன்று லிட்டர் காற்றைத் தள்ளும் சிரிஞ்சைக் கருவியில் பொருத்தி நாள்தோறும் சோதிக்கிறார்கள். அனுமதிக்கப்படும் பிழை சுமார் 3 சதவீதம். கேட்கச் சிறிதாகத்தான் இருக்கிறது. முதல் நொடியில் 3.5 லிட்டர் ஊதுபவருக்கு அது 105 மில்லிலிட்டர். நோயே இல்லாத நடுவயதுக்காரர் ஆண்டுக்கு இழப்பது ஏறத்தாழ 30 மில்லிலிட்டர். அதாவது, கருவிக்கு நாம் மன்னிக்கும் பிழை ஒரு மனிதனின் மூன்றரை ஆண்டு முதுமைக்குச் சமம். அமெரிக்க விதிப்படி புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் சோதனைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியோ மூன்றாண்டுதான்! இடையில் கருவியை மாற்றினால், ஒன்று கூட்டியும் மற்றது குறைத்தும் காட்டினால், உண்மையான இழப்பு கண்ணில் படாமலே போகலாம்.

வெப்பநிலையும் விளையாடும். நெஞ்சிலிருந்து 37 டிகிரியில் வரும் காற்று கருவிக்குள் ஆறிச் சுருங்குவதால் கணக்கில் பெருக்கிக்கொள்கிறார்கள். 30 டிகிரி அறையை 20 என்று பதிந்தால், கொள்ளளவை நேரடியாக அளக்கும் கருவியில் ஏறக்குறைய 5 சதவீதம் கூடுதலாக வரும். நோயாளி ஆரோக்கியவான் ஆகிவிடுவார்.

என் பார்வையில் தரவிதிகளின் உயிர்நாடி வரைபடம். ஊதும்போதே கோடு திரையில் ஓட வேண்டும். பிறகு அது சேமிக்கப்பட வேண்டும். இருமினாரா, பாதியில் நிறுத்தினாரா, தயங்கித் தொடங்கினாரா என்பதெல்லாம் கோட்டின் வடிவிலேயே தெரிந்துவிடும். குறையில்லாத மூன்று ஊதல்கள் வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டுக்கும் இடையே 150 மில்லிலிட்டருக்கு மேல் வேறுபாடு கூடாது. இழப்பீடு கேட்டு வரும் தொழிலாளியிடம் “வேண்டுமென்றே மெதுவாக ஊதினாய்” என்று சொல்வது எளிது. மூன்று கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடந்தால் அந்தப் பழி அவ்வளவு எளிதில் நிற்காது. வெறும் எண்ணை மட்டும் அச்சிட்டுத் தரும் மலிவுக் கருவி அவரைச் சாட்சியில்லாமல் விட்டுவிடுகிறது. ஆகவே, வரைபடத்தைச் சேமிக்காத கருவியைச் சுரங்கப் பரிசோதனை அறைக்குள் விடவே கூடாது.

இந்தியாவில் 1955-ஆம் ஆண்டின் சுரங்க விதிகள் குறைந்தது ஐந்தாண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. ஐந்தாண்டு நீண்ட இடைவெளி. அதற்குள் கருவி மாறும், ஊதச் சொல்பவர் மாறுவார், கோப்பு தொலையும். தன்பாத்திலோ சிங்கரேணியிலோ நெய்வேலியிலோ ஊதிவிட்டு வரும் தொழிலாளர்களும் அவர்களின் சங்கங்களும் இரண்டைக் கேட்டு வாங்கட்டும்: வரைபடத்தின் நகல், அன்று காலை சிரிஞ்சால் கருவியைச் சோதித்ததற்கான பதிவு.