பொதுமன்றும் புதுப்பண்டமும்

கற்ற கல்வியை முதலாகக் கொண்டு சொந்தத் தொழில் தொடங்கும் இளைஞர் இன்று எமது கரையோரத்திலும் தோன்றி வருகின்றனர். உத்தியோகமே கதி என்று நம்பி வளர்ந்த பழைய மாணவராகிய எமக்கு இது பெருமகிழ்ச்சி தருவதாகும். ஆயினும், பண்டத்தை ஆக்குவதினும் அதனைப் பிறர் அறியச் செய்வது அரிது. விளம்பரத்துக்குப் பணம் வேண்டும். அஃதில்லாதார், பலர் கூடி உரையாடும் இணைய மன்றங்களை நாடுகின்றனர். நாடுவது தவறன்று, நாடும் முறை பற்றியே சில கூற விரும்புகின்றோம்.

உடப்பிலே கரைவலை இழுப்பதை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். அம்பாப் பாட்டோடு கயிறு பிடித்து இழுத்தவர்க்கு மீன்பாட்டின் வருவாயிலே பங்குண்டு. வலை கரையேறிய பின் கூடையுடன் வருபவர் விலை கொடுத்தே வாங்குதல் வேண்டும். பொதுமன்றும் அத்தகையதே. பல நாள் பிறர் ஐயந் தீர்த்து உழைத்தவன் ஒரு நாள் தன் பண்டத்தைப் பற்றிக் கூறினால் மன்றம் செவிசாய்க்கும். வந்த அன்றே கடை விரிப்பவனை அது விரட்டும்.

2007 இல் டிரூ ஹியூஸ்டன் என்னும் அமெரிக்க இளைஞர், ஒருவருடைய கோப்புகளை அவருடைய கணினிகள் அனைத்திலும் ஒன்றுபோல் வைத்திருக்க உதவும் ‘டிரொப்பொக்ஸ்’ மென்பொருளை, கணினி வல்லுநர் கூடும் ‘ஹக்கர் நியூஸ்’ மன்றிலே தமது ஆக்கம் என்று வெளிப்படையாகக் கூறி முன்வைத்தார். இத்தகையதைத் தாமே எளிதில் அமைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் குறை கூறினார். அவரோடு பிணங்காது பணிவுடன் விடையிறுத்தார் ஹியூஸ்டன். சென்னையிலே 2010 இல் ‘ஃபிரெஷ்டெஸ்க்’ நிறுவனத்தைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதமோ, அம்மன்றிற்குச் சொல்லப் போகுமுன் கேட்கப் போனவர். வேறொரு மென்பொருளின் விலையேற்றம் பற்றிய உரையாடலிலே ஒருவர் எழுதிய குறிப்பே அவரைத் தூண்டியது. அந்நிறுவனம் 2021 இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

“முதலில்லாத சிறியவன் வேறு பெயரிலே தன் பண்டத்தைத் தானே புகழ்ந்தால் என்ன கேடு?” என்று சிலர் வினவுவர். புத்தளம் மாவட்டத்தார் இவ்வினாவுக்கு வேறெங்கும் சென்று விடை தேட வேண்டியதில்லை. முந்தல் களப்பையும் ஒல்லாந்தர் வாய்க்காலையும் அண்டிய இறால் பண்ணைகள் பொது நீரையே உள்ளெடுத்துக் கழிவையும் அதிலேயே விட்டன. 1996 இல் வெண்புள்ளி நோய் வந்தபோது, ஒரு குளத்து நோய் அந்நீர் வழியே மறு குளத்துக்கும் சென்றது. பண்ணைகள் பல பாழாயின. மன்றிலுள்ள நம்பிக்கையும் பொது வாய்க்கால் நீரே. ஒருவன் அதிற் பொய்யைக் கலந்தால், நாளை நல்ல கருவாட்டை நேர்மையாக விற்க வரும் உடப்புப் பிள்ளையின் சொல்லும் எடுபடாது. கலந்தவனுக்கும் அந்நீரன்றி வேறு நீரில்லை.

ஆதலின் இளைஞர்க்கு நாம் கூறுவது இது: சொந்தப் பெயருடன் செல்லுக, பண்டம் உமதென்பதை மறையாதீர், அதன் குறையையும் கூறுக, வாங்கியவர் முறையிட்டால் அம்மன்றிலேயே விடை பகர்க. கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் பழைய மாணவர்க்கும் ஒரு கடமையுண்டு. தம்பிமார் பண்டத்தை வாங்கிப் பாராமலே புகழ்ந்தெழுதுவது உதவியன்று. பயன்படுத்திப் பார்த்து, குறை கண்டவிடத்து அன்போடு எடுத்துரைப்பதே உதவி. கல்லூரி நமக்குத் தந்த உறவு அதற்கே பயன்படுக.