மங்கலின் அளவையும் எழுதுங்கள்

ஓடும் இயந்திரத்தை நிறுத்தாமல் அதன் மேற்பரப்பைப் படமெடுத்துக் குறை காண்பதென்றால், நம்மில் பலர் முதலில் விசாரிப்பது கேமராவின் மெகாபிக்சலை. விளக்கைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது. இந்த வரிசை மாற வேண்டும்.

3000 ஆர்பிஎம்மில் ஓடும் ஜெனரேட்டரின் ஸ்லிப் ரிங்கை எடுத்துக்கொள்வோம். விட்டம் 400 மி.மீ. என்றால் அதன் பரப்பு நொடிக்கு ஏறத்தாழ 63 மீட்டர் ஓடுகிறது. ஸ்ட்ரோப் விளக்கு 10 மைக்ரோநொடி மின்னினால், அதற்குள் பரப்பு 0.63 மி.மீ. நகர்ந்துவிடும்; படமும் அந்த அளவுக்கு மங்கும். கார்பன் பிரஷ் இழுத்த கோடுகள் சுழலும் திசையிலேயே இருப்பதால் அந்த மங்கலிலும் பளிச்செனத் தெரியும். குறுக்கே ஓடும் மெல்லிய விரிசலும், பொறி பட்ட சிறு குழியும்தான் கரைந்துபோகும். கோடுகள் தெளிவாக இருப்பதைப் பார்த்துப் படமே தெளிவு என்று நம்பிவிடுகிறோம். ஆபத்து இங்கேதான்.

மங்கலை 0.1 மி.மீ.க்குள் அடக்க, மின்னல் 1.6 மைக்ரோநொடிக்குள் முடிய வேண்டும். அப்படியானால் விளக்கு ஆறு மடங்கு பிரகாசமாக இருக்க வேண்டும். அபர்ச்சரைத் திறந்து ஈடுகட்டினால் வளைந்த பரப்பின் ஓரங்களில் ஃபோகஸ் போய்விடும். கெயினை ஏற்றினால் இரைச்சல் கூடும். சுற்றுக்கு ஒன்றாக 100 படங்களை 2 நொடியில் எடுத்துச் சராசரி கண்டால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும். ஆனால் மின்னலைத் தூண்டும் டேக்கோ ட்ரிக்கர் 1 மைக்ரோநொடி முன்பின் ஆனாலே படம் 0.06 மி.மீ. தள்ளி விழும். எனவே ட்ரிக்கரைச் சரிபார்க்காமல் சராசரிக்குப் போகாதீர்கள். 1930களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் சின்க்ரனஸ் மோட்டாரின் அசைவை ஆராய்ந்த ஹரால்ட் எட்ஜர்ட்டன் நம்பியதும் குறுகிய மின்னலைத்தான்.

வெப்பப் படத்துக்கும் இதே கணக்குதான். குளிர்விக்காத மைக்ரோபோலோமீட்டர் கேமராவின் உணரி மாற்றத்தை உணர ஏறத்தாழ 10 மில்லிநொடி ஆகும். அதற்குள் ரிங் அரைச்சுற்று ஓடிவிடும். கேமரா காட்டுவது வளையத்தின் சராசரி வெப்பம். ஓரிடத்துச் சூட்டை அதில் தேடுவது வீண்.

ஆகவே ஒவ்வொரு ஆய்வறிக்கையிலும் பரப்பின் வேகம், மின்னல் நீடித்த நேரம், அதனால் வந்த மங்கல் மூன்றையும் எழுதுங்கள். அளவு தெரிந்த செயற்கைக் கீறலை அதே வேகத்தில் ஓடவிட்டு எடுத்த படத்தையும் இணையுங்கள். இவை இல்லாத படத்தைக் ‘குறை இல்லை’ என்பதற்குச் சான்றாக இந்த இதழ் இனி ஏற்காது.