லேசரைக் காட்டி வெயிலை விற்காதீர்கள்

சோலார் பேனல்மீது அருமண் அயனிகள் கலந்த பொடியைப் பூசினால், வீணாகும் அகச்சிவப்பு ஒளியெல்லாம் மின்சாரமாகி உற்பத்தி இரட்டிப்பாகும் என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். அவர் காட்டும் ஆதாரம் ஒரே ஒரு சோதனை: 980 நானோமீட்டர் லேசர் பட்டதும், இட்டர்பியமும் எர்பியமும் கலந்த பொடி பச்சையாக ஒளிர்கிறது. சோதனை உண்மை. அதைவைத்து அவர் சொல்வது பொய்.

அந்தப் பொடிக்குள் இட்டர்பியம் அயனி ஓர் அகச்சிவப்பு ஃபோட்டானை விழுங்கி, ஆற்றலைப் பக்கத்து எர்பியத்துக்குக் கைமாற்றுகிறது. எர்பியம் இடைப்படியில் சற்று நிற்கும். அங்கிருந்து கீழே விழுவதற்குள் இரண்டாவது தவணை வந்து சேர்ந்தால் மேல்படிக்கு ஏறி, 540 நானோமீட்டரை ஒட்டிப் பச்சை ஒளியை உமிழும். 1966இலேயே பிரான்சில் ஓசெல் என்ற விஞ்ஞானி இதை விளக்கிவிட்டார். ஆக, ஒரு பச்சை ஃபோட்டானுக்குக் குறைந்தது இரண்டு அகச்சிவப்பு ஃபோட்டான் செலவு.

அந்த 980 நானோமீட்டர் ஒளியைச் சோலார் பேனலின் சிலிக்கான் வீணாக்குகிறதா என்று அவர் யோசிக்கவே இல்லை. ஏறத்தாழ 1100 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைச் சிலிக்கான் தானே விழுங்கி மின்சாரம் தருகிறது. இரண்டு எலக்ட்ரான் தரக்கூடிய ஒளியைப் பிடித்து, ஒன்று தரும் ஒளியாக மாற்றுவது இரட்டிப்பா? இந்தப் பொடியைக் கண்ணாடிமேல் பூசினால் பேனலின் உற்பத்தி குறையும்.

சிலிக்கானுக்குள் தங்காமல் ஊடுருவிப் போவது அதைவிட நீண்ட அலைகள். அவற்றிலும் எர்பியம் எடுப்பது 1500 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய பட்டையை மட்டும். எர்பியம் கலந்த பொருளையும் பின்பக்கம் ஒளி வாங்கும் செல்லின் முதுகில்தான் வைக்க வேண்டும். அப்படியே வைத்தாலும் வெயில் போதாது. ஒரு வாட் லேசரை ஒரு சதுர மில்லிமீட்டரில் குவித்தால், சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட். உச்சிவெயில் எல்லா அலைநீளமும் சேர்த்தே 0.1 வாட். இரண்டு ஃபோட்டான் கேட்கும் வேலையில், ஒளி பத்தில் ஒன்றானால் விளைவு நூறில் ஒன்றாகும். லேசரின் கீழேயே, இவ்வகை நானோ துகள்களை 2010இல் அளந்தபோது குவாண்டம் விளைச்சல் (விழுங்கிய ஃபோட்டான்களுக்கு உமிழ்ந்த ஃபோட்டான்களின் விகிதம்) 0.3 சதவீதத்தைத் தாண்டவில்லை.

அவர் சாதனையாகச் சொல்லும் 47.6 சதவீத மின்மாற்றுத் திறன், 2002இல் ட்ருப்கே என்ற ஆய்வாளரும் சகாக்களும் குறையே இல்லாத ஒரு மாற்றிக்குக் கணக்கிட்ட கோட்பாட்டு உச்சவரம்பு. அதுவும் சிலிக்கானுக்கு அல்ல. உச்சவரம்பைச் சாதனை என்று எழுதுவது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

இந்தப் பொடிக்கான அருமண்ணுக்கு மணவாளக்குறிச்சி மணலே போதுமாம். அங்குள்ள மோனசைட் கனிமத்தில் மிகுந்திருப்பவை சீரியம், லாந்தனம், நியோடிமியம். எர்பியமும் இட்டர்பியமும் சொற்பம்.

இந்த ஒளிர்வுக்கு உண்மையான பயன்கள் உண்டு. அகச்சிவப்பு பட்டால் திசுக்கள் தாமாக ஒளிர்வதில்லை என்பதால், செல்களைத் துல்லியமாகப் படம்பிடிக்க இது உதவுகிறது. போலியைக் கண்டுபிடிக்கும் ரகசிய மையிலும் உதவுகிறது. பல்லாண்டு உழைத்து வளர்த்த துறையின் பெயரை இப்படிக் கெடுப்பதுதான் எனக்கு ஆத்திரம்.

இந்தப் பூச்சோடு யாராவது உங்கள் மொட்டைமாடிக்கு வந்தால், வெயிலில் வைத்து மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். லேசரைக் காட்டினால் பணம் தராதீர்கள்.