அந்த 42 நாள் யார் கணக்கில்?

தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. பொங்கலூர் வட்டாரத்துப் பெண்களும் பல்லடம், திருப்பூர் என்று போய்ப் பெற்று, சில நாளில் பிள்ளையோடு வீடு வந்து சேர்கிறார்கள். அதற்குப் பிறகு? பச்சிளம் குழந்தை இறப்புகளில் பெரும்பங்கு முதல் வாரத்திலேயே நேர்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வாரத்தின் பாதி ஆஸ்பத்திரியில் அல்ல, வீட்டில்தான் கழிகிறது.

முன்பெல்லாம் அம்மிச்சி இருந்தார். இன்று பல வீடுகளில் அம்மிச்சியே பனியன் கம்பெனிக்குச் செக்கிங் போகிறார், ஒன்றரை ஷிப்ட். தேனியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து லைன் வீட்டில் குடியிருக்கும் பெண்ணுக்கோ அம்மாவே பக்கத்தில் இல்லை. அரசு பணம் தருகிறது, பரிசுப் பெட்டகம் தருகிறது. ராத்திரி கூட விழித்திருக்க ஆள் தர முடியாது. அந்த ஆள் நாம்தான்.

முதலில் அப்பன். பஞ்சு ஒட்டிய சட்டையைக் கழற்றிப்போட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்கட்டும். எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறைவென்றால், நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி வெறும் மார்பில் அணைத்துப் போர்த்திக்கொள்ளலாம். 1978-இல் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய முறை இது. மூச்சு எண்ணவும் அவன் பழகட்டும். பிள்ளை அழாமல் இருக்கும்போது துணியை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதைச் செல்போன் கடிகாரத்தில் ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அறுபதோ அதற்கு மேலோ என்றால் மறுபடி எண்ண வேண்டும். அப்போதும் குறையவில்லையா, 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். பால் குடிக்க மறுத்தாலும், வலிப்பு கண்டாலும், உடம்பு சில்லிட்டாலும், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளித்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும். தொப்புளில் ஒன்றும் பூச வேண்டாம். தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் வேண்டாம். பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

வீடு தேடிப் போய்ப் பார்த்தால் பிள்ளை பிழைக்கும் என்பதை மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், ராணி பங் தம்பதி கிராமத்துப் பெண்களைப் பழக்கியே நிரூபித்தார்கள். அந்த முடிவு 1999-இல் லான்செட் இதழில் வந்தது. 2011-இல் அது நாடு தழுவிய திட்டமானது: ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். நம் ஊரில் அந்தச் சுமை பெரும்பாலும் கிராம சுகாதார செவிலியர் தலையில். ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு ஐந்தாயிரம் பேர் என்பது கணக்கு. போன மாதம் குடிவந்த லைன் வீட்டுப் பெண் அவருடைய பதிவேட்டில் எப்படி இருப்பாள்? மாதாமாதம் மீட்டர் ரீடிங் பார்க்க வரும் வீட்டுக்காரர், இந்த வீட்டில் ஒரு கர்ப்பிணி இருக்கிறாள் என்று செவிலியருக்கு ஒரு போன் போடலாமே. செலவு ஒன்றுமில்லை.

கம்பெனிக்காரர்களிடம் பேசினால் ஆர்டர் இல்லை, நூல் விலை என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஈ.எஸ்.ஐ. உள்ள பெண்ணின் 26 வார மகப்பேற்று ஊதியத்தை முதலாளி தருவதில்லை, ஈ.எஸ்.ஐ. தருகிறது. முதலாளி கட்டுவது சம்பளத்தில் 3.25 சதவீதம். அந்தப் பெண்ணை கான்ட்ராக்டில், பீஸ் ரேட்டில் பெயரில்லாமல் வைத்திருந்தால் அந்த 26 வாரமும் அவளுக்குப் போச்சு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017 திருத்தம் சொன்னது. எத்தனை கம்பெனியில் அதைத் தொட்டிலோடு பார்க்க முடிகிறது?

மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. டெய்லருக்குச் சட்டம் எதுவும் தரவில்லை. சட்டம் வரும்வரை கம்பெனிகளே கூடிப்பேசி ஒரு வாரமாவது கொடுக்கட்டும். மே 1 கிராம சபையில் பொங்கலூர் ஒன்றியத்து ஊராட்சிகள் இதைத் தீர்மானமாக வைக்கலாம். தொழிலாளர் தினத்துக்குப் பொருத்தமான பேச்சுத்தான். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம்: 45-ஆம் நாள் தடுப்பூசி போடும் புதன்கிழமைக்கு, அப்பனானாலும் அம்மாவானாலும், சனிக்கிழமைச் சம்பளத்தில் பிடித்தம் கூடாது.