பொட்டலத்தில் எள்ளுக்கு ஏன் இடமில்லை?



பொட்டலத்தில் விற்கும் உணவில் கோதுமை, பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, நிலக்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, ஓர் அளவுக்கு மேல் சல்ஃபைட் ஆகியவற்றில் எது இருந்தாலும் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்கிறது, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி. ஒவ்வாமை உள்ளவர்களைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு இது. நல்ல விதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் எள் இல்லை. இறாலை நினைத்துப் பார்த்தவர்களுக்கு, இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு புழங்கும் எள் எப்படி மறந்துபோனது என்பதுதான் என் கேள்வி.

கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு எள் ஆகாது. சென்ற ஆண்டு ஒரு மாலை, பாக்கெட்டில் வந்த மசாலா பிஸ்கட்டைத் தின்ற சற்று நேரத்தில் அவளுக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு எழும்பி, மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. அவசரப் பிரிவில் தொடையில் அட்ரீனலின் ஊசி போட்ட பிறகே சீரானாள். காரணம் எள் என்று பரிசோதனையில் தெரிந்தது. பிஸ்கட் உறையை எடுத்துப் பார்த்தோம். கோதுமை, பால், சோயா மூன்றும் தடித்த எழுத்தில் இருந்தன. எள் எங்குமே இல்லை. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டோம். உறையில் ‘மசாலாப் பொருள்கள்’ என்று பொதுவாகப் போட்டிருந்த கலவையில் எள் உண்டு, ஆனால் அது ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலில் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்தப் பதிலில் எனக்குக் கோபம் நிறுவனத்தின் மேல் வரவில்லை, பட்டியலின் மேல்தான் வந்தது. எச்சரிக்கையே இல்லாத உறையாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்போம். மூன்றின் பெயரைச் சொல்லும் உறை, நான்காவது இல்லை என்று சத்தியம் செய்வதுபோல் இருக்கிறது.

எள் இல்லாமல் தமிழ்ச் சமையலை நடத்துவது என்ன பாடு என்று சமைப்பவர்களுக்குத் தெரியும். நல்லெண்ணெயை நிறுத்தியது முதல் படிதான். இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், கடையில் வாங்கும் ஊறுகாய், முறுக்கு, சீடை, தட்டை எல்லாம் போயின. கோயில் புளியோதரையை நீட்டும்போது வேண்டாம் என்று சொல்லப் பழக வேண்டியிருந்தது. “பிரசாதம் ஒரு வாய் தின்னா என்னடி ஆகிடப் போகுது?” என்று கேட்காத உறவினர் இல்லை. கடலை எண்ணெய்க்கு மாறியும் சிக்கல் தீரவில்லை. எங்கள் பகுதி மரச்செக்கில் காலையில் எள் ஆட்டிய அதே செக்கில்தான் பிறகு கடலை ஆட்டுகிறார்கள். மாவு மில்லிலும் அப்படித்தான், முன்னால் வந்தவர் இட்லிப்பொடி அரைத்துவிட்டுப் போயிருப்பார். இப்போது பொடியெல்லாம் வீட்டு மிக்சியில்தான். இதையெல்லாம் நாங்கள் செய்துகொள்கிறோம், அரசிடம் கேட்கவில்லை. வெளிநாடுகளில் பேனாபோலப் பையில் வைத்துக்கொள்ளும் அட்ரீனலின் ஊசி இங்கே சாதாரண மருந்துக்கடையில் கிடைப்பதில்லை. ஆம்பூலும் சிரிஞ்சும் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டுமாக மகள் கல்லூரிக்குப் போகிறாள். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் பொட்டலத்துக்குள் இருப்பதை மட்டும் நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

பிரிட்டனைச் சேர்ந்த 15 வயதுப் பெண் ஒருத்தி, 2016இல் அந்நாட்டு விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியைத் தின்று இறந்துபோனாள். மாவில் எள் கலந்திருந்தது, உறையில் குறிப்பு இல்லை. கடையிலேயே பொட்டலம் கட்டிய உணவுக்கு அப்போது அந்தக் கட்டாயம் இல்லை. அவள் பெயராலேயே அழைக்கப்படும் ‘நடாஷா சட்டம்’ 2021 அக்டோபர் 1 முதல் அந்த ஓட்டையை அடைத்தது. ஐரோப்பியப் பட்டியலில் எள் பல்லாண்டுகளாக இருக்கிறது, நாம் தாளிக்கும் கடுகும் இருக்கிறது. அமெரிக்கா 2021இல் சட்டம் இயற்றி, 2023 ஜனவரி 1 முதல் எள்ளை ஒன்பதாவது ஒவ்வாமைப் பொருளாகச் சேர்த்துவிட்டது. ஆக, இங்கிருந்து அமெரிக்காவுக்கு முறுக்கு ஏற்றுமதி செய்யும் நிறுவனம், அங்கே போகும் பாக்கெட்டில் எள் இருப்பதைத் தெளிவாக அச்சிட்டே ஆக வேண்டும். மதுரையில் விற்கும் பாக்கெட்டில் அந்த எச்சரிக்கை வேண்டாம். இங்கே வாங்குபவன் உயிருக்கு ஒரு விதி, அங்கே வாங்குபவன் உயிருக்கு ஒரு விதியா?

எள்ளைக் கண்டுபிடிப்பது கடினம் என்றும் அரசு சொல்ல முடியாது. நெய்யில் வனஸ்பதியைக் கலப்பவர்களைப் பிடிப்பதற்காக, வனஸ்பதியில் எள்ளெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று நெடுங்காலம் கட்டாயம் வைத்திருந்த நாடு இது. எள்ளெண்ணெயைக் காட்டிக்கொடுக்கும் பௌடுவான் (Baudouin) சோதனையில் சிவப்பு நிறம் வந்தால் கலப்படம் அம்பலம். நெய்யைக் காப்பாற்ற எள்ளைச் சட்டத்தில் எழுதத் தெரிந்தவர்களுக்கு மனிதரைக் காப்பாற்ற எழுதத் தெரியாதா?

ஓட்டல்களின் கதை வேறு. மத்திய உரிமம் பெற்றவையும் 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருப்பவையும் மெனுவில் ஒவ்வாமை விவரம் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. தெருமுனை மெஸ், ஷவர்மா கடை, கல்யாணப் பந்தி எதுவும் அதில் வராது. சின்னக் கடைக்காரரை வதைக்கச் சொல்லவில்லை. ஆனால் உதிரியாக விற்கும் இனிப்புக்கு எந்தத் தேதி வரை சாப்பிடலாம் என்று தட்டின் முன்னால் அட்டையில் எழுதி வைப்பதை 2020 அக்டோபர் முதல் கட்டாயமாக்கினார்களே, அதனால் எந்தக் கடையும் மூடிவிடவில்லை. அதே அட்டையில் ‘எள், முந்திரி, கடலை உண்டு’ என்று இன்னொரு வரி எழுத என்ன செலவாகும்? தமிழில் எழுதினால் இன்னும் நல்லது. பொட்டலங்களில் ஆங்கிலமோ இந்தியோதான் கட்டாயம், என் மாமியாருக்கு இரண்டும் தெரியாது.

எள் ஒவ்வாமை எத்தனை பேருக்கு இருக்கிறது, பத்துப் பேருக்காக விதியை மாற்றுவார்களா என்று சிலர் கேட்கலாம். நம்மைப்போல எள் நிறையத் தின்னும் இஸ்ரேலில், குழந்தைகளுக்கு வரும் கடும் உணவு ஒவ்வாமைகளில் எள்ளுக்கு முன்வரிசை இடம் உண்டு. உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய நிபுணர் குழுவே எள்ளை முதன்மைப் பட்டியலில் வைத்திருக்கிறது.

ஆணையம் எள்ளையும் கடுகையும் உடனே பட்டியலில் சேர்க்க வேண்டும். ‘மசாலாப் பொருள்கள்’ என்ற போர்வைக்குள் இவற்றை மறைக்க அனுமதிக்கக் கூடாது. தமிழக உணவுப் பாதுகாப்புத் துறை, மத்திய அரசுக்காகக் காத்திராமல், வரும் தீபாவளிக்கு முன்பே இனிப்பு, காரக் கடைகளில் இந்த ஒவ்வாமை அட்டையை வைக்கச் சொல்லி அறிவுறுத்தலாம். வீட்டில் இப்படி ஒருவர் இருக்கும் வாசகர்கள் ஆணையத்துக்கும் துறைக்கும் ஒரு கடிதமாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.