எதை மாற்றினீர்கள்?

மன்னார்த் தீவிலுள்ள தாராபுரத்தில் ஒரு வானின் ஆல்டனேட்டர் பழுதானால், மாற்றுப் பாகம் தேடி முதலில் மன்னார் நகரம். அங்கும் கிடைக்காவிட்டால் 300 கிலோமீற்றருக்கும் அப்பால் கொழும்பு, பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகள். புதியதன் விலையைக் கேட்டதும் பலர் 'ரீகண்டிஷன்' பாகத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகள் நமது பழைய வாகனங்கள் ஓடியதற்குத் திருத்திய பாகங்களும் ஒரு காரணம். அவற்றை ஒட்டுமொத்தமாக இகழ்வது நியாயமல்ல. கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் சரியல்ல.

'ரீகண்டிஷன்' என்ற ஒரே சொல் மூன்று வேறு பொருள்களைக் குறிக்கிறது. வெளிநாட்டில் பழைய வாகனத்திலிருந்து கழற்றித் துடைத்து அனுப்பியது ஒன்று. பழுதான துண்டை மட்டும் மாற்றியது இன்னொன்று. முழுதாகப் பிரித்து, தேய்பவை அனைத்தையும் மாற்றி, சுமை கொடுத்துச் சோதித்தது மூன்றாவது. பூசிய பெயின்டின் பளபளப்பு மூன்றுக்கும் ஒன்றுதான்.

ஆல்டனேட்டரில் கார்பன் பிரஷ்ஷை மட்டும் மாற்றினாலும் அன்றைக்குப் பற்றரி சார்ஜ் ஆகும். பெயாரிங்கும் டயோடும் பழையனவாகவே இருக்கும். தீவின் உப்புக்காற்று அவற்றை விரைவில் அரித்துவிடும். பழைய டொயோட்டா அக்குவாவின் ஹைபிரிட் பற்றரியும் அப்படித்தான். 20 மொடியூல்கள் தொடராக இணைந்து 144 வோல்ட் தருகின்றன. செத்த ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றப் பத்தொன்பதும் அதே வயதோடு நிற்கும். கொஞ்ச நாளில் அடுத்தது விழும். வாங்கியவர் திருத்திய பற்றரியே கூடாது என்பார். உண்மையில் நடந்தது அரைகுறைத் திருத்தம்.

பிரேக், ஸ்டியரிங் பாகங்களில் இந்தச் சமரசத்துக்கே இடமில்லை. ஆல்டனேட்டர் கைவிட்டால் வண்டி நின்றுவிடும். பிரேக் கைவிட்டால் வண்டி நிற்காது.

வருகிறவர்கள் மலிவாகத் தாருங்கள் என்றே கேட்கிறார்கள் என்று கராஜ்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆகவே பொறுப்பு இருபக்கமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பொருளின் தரம் பற்றிப் பொய் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. அந்தச் சட்டம் நமக்குப் பயன்பட வேண்டுமானால் கையில் பற்றுச்சீட்டு வேண்டும். எவை மாற்றப்பட்டன, எத்தனை மாதத்துக்கு விற்றவர் பொறுப்பு என்ற இரண்டு வரிகள் அதில் எழுதப்பட வேண்டும். முழுமையாக வேலை செய்பவருக்கு இவற்றை எழுதித் தருவதில் நட்டமில்லை. அவருடைய வேலைக்குரிய விலையை நியாயப்படுத்துபவையும் அவையே.

மேல்சிகிச்சைக்காக ஒரு நோயாளியை இரவோடிரவாக யாழ்ப்பாணத்துக்கு ஏற்றிச் செல்லும் வானில் இருப்பதும் இப்படியொரு பாகமாக இருக்கலாம். எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னர், எதை மாற்றினீர்கள் என்று கேட்போம்.