இருமல் எல்லாம் காசமல்ல

எங்கள் வலங்கைமானில் இருமல் என்றால் முதலில் ஆடாதோடைக் கஷாயம், அதிலும் அடங்காவிட்டால் "டி.பி.யாயிருக்கும்" என்பார்கள். இருக்கலாம்தான். ஆனால் எக்ஸ்ரேயில் விழும் நிழல் காசமா, புற்றுநோயா என்று படத்தை மட்டும் வைத்து நிச்சயமாகச் சொல்ல முடியாது.

சளியில் கிருமி இல்லை, காச மாத்திரை சாப்பிட்டும் உடம்பு தேறவில்லை என்றால், அறுவடை முடியட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும்னு தள்ளிப் போடாதீங்க, சகோதரிகளே! ஸ்கேன் எடுத்து, துளி சதையைப் பரிசோதித்தால்தான் விஷயம் தெரியும். அறுவையா, கதிர்வீச்சா, மருந்தா என்பதும் அதைப் பொறுத்ததே.

பீடி, சிகரெட்டைத் தொடாத பெண்களுக்கும் இது வருகிறது. விறகடுப்புப் புகையும் ஒரு காரணம்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை அடையாறில் தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ போகும்போது, பழைய எக்ஸ்ரேக்களையும் எடுத்துப் போங்கள். நிழல் வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.